மலைப்பூண்டும் அறுபது மணி நேர லேப்பும்

கேள்வி: நான் கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அப்போது காலேஜில் சேரவில்லை. அப்பத்தா போன தை மாதம் தவறிவிட்டார்கள். இப்போது படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உயிரியல்தான் பிடிக்கும். வத்தலக்குண்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தபால் வழியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்த்து விடுகிறோம், பிராக்டிகலுக்கு வரவே வேண்டாம், மார்க்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பள்ளித் தோழி ஒருத்தி, இக்னோவில் சேர், ஆனால் லேப்புக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறாள். எது சரி? லேப்புக்கு எத்தனை நாள் கீழே இறங்கி வர வேண்டியிருக்கும்? எங்களுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் அரை ஏக்கர், அறுப்பு நேரத்தில் நான் இல்லாமல் முடியாது. தவளையை அறுக்கச் சொல்வார்களா? எங்கள் ஊர் ஆட்டுப் பண்ணையில் அம்மா வேலைக்குப் போகிறார்கள். அங்கேயே லேப் செய்து சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

— வாசகி, மன்னவனூர்

பதில்: வத்தலக்குண்டுக்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். மைக்ரோபயாலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சொல்லிவிட்டது. சுகாதாரத் துறை சார்ந்த தொழில்களுக்கென்று 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் வரம்புக்குள் வருகிற உளவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவு ஊட்டச்சத்து போன்ற படிப்புகளுக்கு அந்தப் பருவத்திலிருந்தே தொலைநிலையில் புதிய சேர்க்கை கிடையாது. சரி, அந்தத் தடை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பிராக்டிகல் இல்லாத உயிரியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு ஓர் இன்டர்வியூவில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தால் என்ன செய்வீர்கள்? மார்க்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மைக்ரோஸ்கோப்பை யார் பார்ப்பார்கள்?

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் தாவரவியலும் படிக்க வழி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தியரித் தாளுக்கும் ஒரு குறியீட்டு எண், அதாவது கோடு; அதற்கு ஜோடியான லேப்புக்கு வேறொரு கோடு. விலங்குகளின் பன்மையைப் பற்றிய தாள் ஒன்று, அதன் லேப் இன்னொன்று என்று இரண்டும் தனித்தனிப் பாடமாகவே மார்க் பட்டியலில் வரும். தேர்ச்சியும் தனித்தனி. தியரியில் தொண்ணூறு வாங்கினாலும் லேப் நின்றுபோனால் பட்டம் நின்றுபோகும். விண்ணப்பத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தியரியை டிக் செய்துவிட்டு, லேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற பிள்ளைகள் உண்டு. அப்படி விட்டால் கடைசி வருஷத்தில் லேப் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி அதுதான். பெரும்பாலோர் இதைச் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். தியரி 4 கிரெடிட், அதை வீட்டில் இருந்தே படிக்கலாம். லேப் 2 கிரெடிட், அதாவது 60 மணி நேரம். அதை வீட்டில் செய்ய முடியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் ஏழெட்டு நாள். தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து எடுக்கும் மூன்றாண்டுக் கட்டமைப்பில் ஆரம்ப செமஸ்டர்களில் மூன்று பாடத்துக்கும் ஒவ்வொரு லேப் உண்டு. ஆக ஒரு செமஸ்டருக்கு 180 மணி நேரம், இருபத்திரண்டு இருபத்துமூன்று நாள். வருஷத்துக்கு ஒன்றரை மாதம். மூன்று வருஷமும் அதே கதியில் போனால் நான்கு மாதத்துக்கு மேல் கீழே இருந்தாக வேண்டும். நான்காண்டுப் பட்டத் திட்டம் வந்த பிறகு பாட அமைப்பு மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சேரும் வருஷத்துத் திட்டக் கையேட்டை எடுத்து, லேப் கோடுகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மணி நேரத்தைக் குறித்துக் கூட்டிப் பாருங்கள். கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கூட்டலைச் செய்யுங்கள்.

'கீழே' என்றால் எவ்வளவு கீழே என்பதையும் பார்க்க வேண்டும். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே 35 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 120 கிலோமீட்டர் சொச்சம். காலை பத்து மணி லேப்புக்கு அன்றன்று போய்த் திரும்புகிற தூரம் இல்லை. லேப் நடப்பது இக்னோவின் கட்டடத்தில் அல்ல, ஸ்டடி சென்டராக இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில். எல்லா ஸ்டடி சென்டரிலும் பி.எஸ்சி. கிடையாது, பி.எஸ்சி. உள்ள எல்லா இடத்திலும் உயிரியல் லேப் நடப்பதில்லை. ஆகவே பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சென்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பகுதிக்கு மதுரை மண்டல மையம். அங்கே போன் செய்து, "விலங்கியல், தாவரவியல் லேப் கடைசியாக எந்தக் கல்லூரியில், எந்த மாதம் நடந்தது?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "நடக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் போனை வைக்காமல், "கடைசியாக எப்போது நடந்தது?" என்று மறுபடியும் கேளுங்கள்.

பதிவு என்பதும் ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. தொலைநிலையில் சேருவதற்கு இப்போது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் எண் ஒன்று வேண்டும். அதற்கு முன்னால், வாங்குகிற கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கு எண் வேண்டும். இரண்டையும் நீங்களே உங்கள் போன் நம்பரில் செய்துகொள்ளுங்கள். சென்டர்காரர் நம்பரில் செய்தால் ஓடிபி எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். சேர்ந்த பிறகு பாடக் கோடுகளில் லேப்பும் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப் கோடு உங்கள் பெயரில் ஏறிவிட்டாலும் லேப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டடி சென்டரின் ஒருங்கிணைப்பாளர் போதிய பிள்ளைகள் சேர்ந்ததும் ஒரு பேட்ச் அறிவிப்பார். அந்த அறிவிப்பு உங்களைத் தேடி மன்னவனூருக்கு வராது. பெயரையும் பதிவு எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுத்து, அறிவிப்பு எதில் வரும் என்று கேட்டு வைக்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் லேப் கோடும் கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். லேப்புக்குத் தேர்வு ஹால் கிடையாது என்ற நினைப்பில் அதை விட்டுவிட்டு மார்க் ஏறாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வருகை கட்டாயம். ஏழு நாளில் இரண்டு நாள் பூண்டு அறுப்புக்குப் போய்விட்டேன் என்றால் அந்த இரண்டு நாளில் செய்த சோதனைகளுக்கு உங்கள் ரெக்கார்டில் கையெழுத்து இருக்காது. உங்கள் மேல்மலையில் பூண்டு இரண்டு போகம். மே மாதத்தை ஒட்டி ஒரு நடவு, நவம்பரை ஒட்டி ஒரு நடவு. பேட்ச் தேதி நடவோடோ அறுப்போடோ மோதினால் இந்தப் பேட்சை விட்டு அடுத்ததில் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து போவதைவிட அது மேல்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்த பிறகு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இக்னோ மோசம் என்று நான் சொல்லவில்லை. வேலையில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தையோடு மதுரையிலேயே குடியிருப்பவர்களுக்கும் அது பெரிய வாசல். ஆனால் உங்களுக்கு அது மலிவான வழி இல்லை. பேட்சுக்குப் பேட்ச் மதுரையில் அறை எடுத்து, சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, மூன்று வருஷத்தில் ஆகிற செலவைக் கூட்டினால், கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொலைநிலையில் படித்தால் அது கிடையாது. இடையில் இரண்டு வருஷம் விட்டிருக்கிறீர்கள், அது உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சேர்க்கையின்போதே கல்லூரியில் அந்தத் திட்டத்தைப் பார்க்கும் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 'லேப்' என்றதும் வீட்டில் ஆஸ்பத்திரி லேப்பைத்தான் நினைப்பார்கள். பி.எஸ்சி. விலங்கியல் முடித்தால் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் ஆகிவிட முடியாது. அதற்கு டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ போன்ற தனிப் படிப்பு, தனி அங்கீகாரம். அந்த வேலைதான் மனதில் இருக்கிறது என்றால் இந்தப் பதிலில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை. விலங்கியல் படித்தவர்கள் மேலே எம்.எஸ்சி., பி.எட். என்று போகலாம், டிகிரி கேட்கும் போட்டித் தேர்வுகளை எழுதலாம், மீன்வளம், பட்டுப்புழு, வனம் சார்ந்த வேலைகள் பக்கம் போகலாம்.

ஆகவே முதலில் அரசுக் கல்லூரிக்கு முயற்சி செய்யுங்கள். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி மே மாதத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைப் போடலாம், கட்டணமும் சொற்பம். மதுரை மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் விலங்கியலும் உண்டு, தாவரவியலும் உண்டு. அதை முதலில் போடுங்கள். அரசு நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். அதற்கு விண்ணப்பம் தனி. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே விடுதிப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இடம் தீர்ந்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. ரெகுலர் கல்லூரியில் லேப்பை யாரும் தனியாகப் பதிவு செய்யச் சொல்ல மாட்டார்கள், அது பாடத்தோடு டைம்டேபிளில் வந்துவிடும். ஆனால் 75 சதவீத வருகை வேண்டும், ரெக்கார்டு நோட்டில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு போனால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உட்காரவே விடமாட்டார். அறுப்புக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் பிராக்டிகல் இல்லாத நாட்களைப் பார்த்துப் போங்கள்.

தவளைக்கு வருகிறேன். பயப்படாதீர்கள். நாங்கள் படித்த காலத்தில் தவளை, கரப்பான், மண்புழு, குட்டிச் சுறா எல்லாம் அறுத்தோம். பார்மலின் வாசனை மூன்று நாள் விரலை விட்டுப் போகாது. கல்லூரிகளில் அறுப்பதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று யுஜிசி 2011-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. 2014-ல் விலங்கியல் இளங்கலை, முதுகலைப் பாடங்களில் அடியோடு நிறுத்தச் சொன்னது. இப்போது மாதிரிகள், படங்கள், ஏற்கெனவே பதப்படுத்தி வைத்த உயிரினங்கள், கம்ப்யூட்டரில் செய்து காட்டுவது, இவைதான். என் வயதுக்காரர்கள் சிலர் இதனால் பிள்ளைகளின் கைத்திறன் போய்விட்டது என்று குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. வருஷத்துக்கு எத்தனையோ மூட்டைத் தவளையைக் கொன்றுதான் கைத்திறன் வர வேண்டும் என்றில்லை. ஒரு பூண்டு வேரில் வரும்.

எப்படி என்று சொல்கிறேன். லேப்பில் செல் பிரிவதைப் பார்க்க வெங்காய வேர்நுனியைத்தான் எடுப்போம். பூண்டும் அதே பேரினம்தான். வெங்காயத்துக்கும் 16 குரோமோசோம், பூண்டுக்கும் 16. இரண்டிலும் குரோமோசோம்கள் பெரிது பெரிதாக இருக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. புதிதாக அறுத்தது லேசில் முளைக்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். விதைக்கு எடுத்து வைத்த பூண்டில் ஒரு பல்லை எடுத்து, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன பாட்டில் வாயில் வையுங்கள். உங்கள் குளிரில் வேர் விட இரண்டு மூன்று நாள் கூடவே ஆகும். வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்ததும் காலை வேளையில் நுனியை வெட்ட வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் நுனியில்தான் இருக்கும், மேலே போகப் போகக் கிடையாது. மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டால் செல்கள் இருந்த இருப்பிலேயே நின்றுவிடும். இந்தத் திரவங்கள் லேப்பில்தான் இருக்கும், வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடு காட்டினால் வேர் இளகும். அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்து, வடிதாளை மடித்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் சுருண்டுவிடும். பலம் குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். முதல் பத்துப் பதினைந்து ஸ்லைடு எல்லோருக்கும் கெடும், கெட்டால் அடுத்த வேரை எடுக்க வேண்டியதுதான். வீட்டில் வேர் விட வைத்து, எந்தப் பல்லில் எத்தனை நாளில் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். லேப்பில் முதல் நாளே அது உதவும்.

தாவரவியலும் எடுத்தால் செடி சேகரித்து ஒட்டிக் கொடுக்கச் சொல்லலாம். உங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் சோலையிலும் புல்வெளியிலும் கை வைக்காதீர்கள். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாணவி என்று சொன்னாலும் அனுமதி இல்லாமல் பறித்தது பறித்ததுதான். வரப்பில் முளைக்கும் களையே போதும். சொந்தத் தோட்டத்தில் இருபது வகைக் களையை அடையாளம் கண்டு ஒட்டிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் குறை சொல்ல மாட்டார். மாஸ் வகைத் தாவரங்களைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. பழனி மலை மாஸ்களைப் பற்றி ஃபோரோ என்ற பாதிரியார் ஆண்டுக்கணக்காகச் சேகரித்து எழுதிய கட்டுரை 1961-ல் வந்தது. பூக்கும் செடிகளுக்கு கே.எம். மாத்யூ பாதிரியாரின் நூல் 1999-ல். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. விலங்குப் பன்மை லேப்புக்குப் போகும் முன் ஒரு தடவை அங்கே போய், பாடத்தில் வருகிற உயிரினங்களில் எவையெல்லாம் கண்ணில் படுகின்றன என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

தமிழ் வழியில் படித்ததைச் சொல்லியிருந்தீர்கள். இக்னோவின் அறிவியல் பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ரெகுலர் கல்லூரியில் தமிழ் வழிப் பிரிவு இருந்தாலும் ஸ்லைடு பெயர், பகுதிகளின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில்தான் புழங்கும். இதற்காகப் பின்வாங்க வேண்டாம். பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பைப் பாடநூல் கழக இணையதளத்திலிருந்து இறக்கி, தமிழ்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களில் உள்ள பெயர்களை மட்டும் படியுங்கள். படம் ஒன்றே என்பதால் வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும். மே மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

கடைசியாக ஆட்டுப் பண்ணை. அங்கே செய்கிற வேலைக்கு லேப் கிரெடிட் கிடைக்காது. லேப் என்பது பல்கலைக்கழகம் அனுமதித்த ஆய்வகத்தில், அது நியமித்த ஆசிரியர் முன்னால் நடந்தால்தான் கணக்கு. ஆனால் உங்கள் ஊரில் இருப்பது சாதாரணப் பண்ணை இல்லை. ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது, 1965-ல் வந்தது. அங்கே மேய்கிற பாரத் மெரினோ ஆடு, நம் நாட்டுச் செம்மறியை வெளிநாட்டு மெரினோ, ராம்புலே கிடாக்களோடு கலந்து உண்டாக்கிய இனம். அதன் வெளிநாட்டு ரத்தம் முக்கால் பங்கு. முதல் கலப்பில் பாதி, அந்தக் குட்டியை மறுபடி வெளிநாட்டுக் கிடாவோடு சேர்த்தால் முக்கால். மரபியல் தாளில் இந்தக் கணக்கு வரும்போது வகுப்பில் மற்றவர்கள் கரும்பலகையைப் பார்ப்பார்கள், உங்கள் அம்மா அந்த ஆட்டைத் தினமும் பார்க்கிறார்கள். கடைசி வருஷத்தில் புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தால் கல்லூரித் துறைத் தலைவரிடமிருந்து அந்த மையத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். அம்மாவின் வழியாகச் சிபாரிசு வேண்டாம். கடிதத்தில் என்ன அளக்கப் போகிறீர்கள், எத்தனை வாரம், எந்த ஆசிரியர் மேற்பார்வை என்ற மூன்றும் இருக்கட்டும்.